நிறைந்தே திரும்பும் தண்ணீர் பாட்டில்

சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பள்ளிப் பையைத் திறந்து பார்க்காத தாய் இல்லை. டிபன் பாக்ஸில் மிச்சம் கிடக்கிறதா, டைரியில் மிஸ் ஏதாவது எழுதியிருக்கிறாரா, பென்சில் தொலைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். தண்ணீர் பாட்டிலைப் பார்க்கக்கூட வேண்டாம். கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும். காலையில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருக்கும். “ஏன்டி, தண்ணியே குடிக்கல?” என்றால், “மறந்துட்டேம்மா” என்பாள். சில வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும். சில வீடுகளில் திட்டு விழும், நாளைக்குக் காலி பாட்டிலோடுதான் வரவேண்டும் என்று உத்தரவும் போடுவார்கள். பிள்ளையும் மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் தெருமுனைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலோடு வருவாள்.

காலை முழுக்க வகுப்பில் உட்கார்ந்து, மதியம் வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குத் தாகம் மறக்காது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பள்ளி பாத்ரூமுக்குப் போக முடியாது, அதனால் குடிப்பதில்லை. நம் பெண் பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கைத் தாங்களாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். இதைப் பிள்ளையின் பிடிவாதமாகவோ சோம்பலாகவோ பார்ப்பதை நாம் விட வேண்டும். பள்ளியில் மதிப்பெண்ணைக் கேட்கிற அதே குரலில் கழிப்பறையைப் பற்றியும் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

நான் திருச்சியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் நான்காம் வகுப்பு படிக்கும் மகனும் இருக்கிறார்கள். மகள் விஷயத்தைச் சொன்னது துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் எதுவும் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. “தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும்மா. அங்க போகவே முடியாது.” ஏன் என்று கேட்டேன். கதவில் தாழ்ப்பாள் கிடையாது, அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் அறையில்தான் குழாய் வேலை செய்கிறது. மற்றவற்றில் வாளி இருக்கும், வாளியில் மக் இருக்காது. தரையில் எப்போதும் தண்ணீர் நிற்கும், சுடிதார் பேன்ட்டின் கால் நனைந்துவிடும், நனைந்த காலோடு வகுப்புக்குப் போனால் கேலி செய்வார்கள். இன்டர்வெலில் வரிசை நகர்வதற்குள் பெல் அடித்துவிடும். வகுப்பு நடக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கினால், “இப்பதானே இன்டர்வெல் விட்டோம், உட்காரு” என்று பதில் வரும். மாதம் தவறாமல் பீஸ் கட்டும் பள்ளிதான். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. காலை 8 மணிக்கு வேன் ஏறும் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வீட்டு பாத்ரூமுக்கு ஓடிவரும்வரை, ஒன்பது மணி நேரம் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளோடு படிக்கும் தோழிகளும் அப்படித்தான்.

ஏழு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கால் லிட்டர் அளவுதான் கொள்ளும். நன்றாகத் தண்ணீர் குடிக்கும் பிள்ளை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். ஒன்பது மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பிள்ளைகள் கண்டுபிடித்த வழியும் அதுதான்.

நான் டாக்டர் இல்லை. நோய்க்கு மருந்து சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் என் மேசைக்கு வருவதைச் சொல்லலாம். டாக்டர் எழுதிய சீட்டோடு அம்மாமார்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, முதலில் தண்ணீரால் சுத்தமாகக் கழுவ வேண்டும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது என்று சொல்லி அனுப்புவோம். பிள்ளை பத்து நிமிடம் உள்ளே இருக்கும். “எரியுதும்மா” என்று முனகுவது கதவுக்கு வெளியே கேட்கும். கடைசியில் டப்பாவின் அடியில் கொஞ்சூண்டு வரும். அடர்ந்த மஞ்சள், சில நேரம் கடுந்தேநீர் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கல் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று சொல்ல மைக்ராஸ்கோப் தேவையில்லை, அந்த நிறமே போதும்.

அதைச் சுழல வைத்து, அடியில் தங்குவதைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். ஒரு பார்வைப் பரப்பில் ஐந்துக்குள் சீழ் செல்கள் இருந்தால் பரவாயில்லை. தொற்று கடுமையாக இருந்தால் எண்ணவே முடியாமல் அடைத்துக்கொண்டு தெரியும். கல்ச்சர் செய்யச் சொல்லியிருந்தால் தட்டில் தடவி 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் கிருமிக்கு மேல் வளர்ந்தால் தொற்று என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வளர்வது பெரும்பாலும் ஈ.கோலி. குடலில் இருக்கும் கிருமிதான், இடம் மாறிப் போய்விடுகிறது. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். அதுவரை பிள்ளை பள்ளிக்குப் போகாது, அம்மா வேலைக்குப் போக மாட்டாள்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏன் அதிகம் வருகிறது என்று அம்மாமார்கள் கேட்பார்கள். உடலமைப்பு ஒரு காரணம். வளர்ந்த ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் 20 சென்டிமீட்டர் அளவு நீளம், வளர்ந்த பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர் அளவுதான். கிருமி ஏறிப்போக வேண்டிய தூரம் குறைவு. அப்படி ஏறும் கிருமியை அடித்துக்கொண்டு வெளியேற்றுவது நாம் குடிக்கும் தண்ணீர். தண்ணீரையும் குறைத்து, வருவதையும் அடக்கினால் கிருமி உள்ளே தங்கிப் பெருகுகிறது.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளியில் ஒன்றுக்கே போகாத பிள்ளை, வயிற்றைப் பிசைந்தாலும் மலம் கழிக்கப் போகாது. காலையில் வீட்டில் போகவும் நேரம் இல்லை. மலம் இறுகி, மலச்சிக்கல் ஆகி, நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்த, சிறுநீரும் முழுசாக வெளியேறாமல் போகிறது. திரும்பத் திரும்பத் தொற்று வரும் பிள்ளைகளிடம் குழந்தை மருத்துவர்கள் முதலில் கேட்பது, “தினமும் வெளிக்குப் போகிறாயா?” என்றுதான். அம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்காது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று கூட்டிவந்த பிள்ளையிடம் இதை ஏன் கேட்கிறார் என்று பார்ப்பாள்.

நம் வீடுகளில் இந்த எரிச்சலுக்கு ‘சூடு’ என்று பேர் வைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்போம், வெந்தயம் ஊறிய தண்ணீரும் இளநீரும் கொடுப்போம். வெந்தயத் தண்ணீரோ இளநீரோ உள்ளே போவது நல்லதுதான், எதுவானாலும் நீர்தானே. ஆனால் காய்ச்சல், குளிர், விலா வலி, வாந்தி என்று வந்தபிறகும் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது. தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். மருந்து எழுதித் தந்தால், எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்துவதும் தவறு. மருந்து முடிந்த பிறகு மறுபடி அதே பள்ளி, அதே பாத்ரூம், அதே நிறைந்த பாட்டில் என்றால், ஒரு மாதத்தில் அதே சீட்டோடு அதே பிள்ளை திரும்பி வருவாள். வருகிறார்கள்.

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. 2014-ல் தூய்மைப் பள்ளித் திட்டம் வந்து, ஓராண்டில் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பிறகு, பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய கழிப்பறைகளை 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்த மத்தியத் தணிக்கைத் துறை, 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை என்றும், 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை என்றும் 2020-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் சொன்னது. கட்டடம் எழும்பிய அளவுக்குத் தண்ணீரும் பராமரிப்பும் கூட வரவில்லை. தனியார் பள்ளிகளிலும் நிலைமை பல இடங்களில் இதேதான். டைல்ஸ் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும்.

நம் மாநிலத்தில் 2025 ஜூனில் ‘வாட்டர் பெல்’ வந்தது. காலை 11 மணி, மதியம் 1 மணி, பிற்பகல் 3 மணி என்று மூன்று முறை மணி அடித்துப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வைக்கும் ஏற்பாடு. கேரளத்தில் 2019-லேயே தொடங்கிய நல்ல வழக்கம் அது. மனதார வரவேற்கிறேன். ஆனால் குடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு எந்த மணியும் அடிப்பதில்லை. போக இடம் இல்லாத பள்ளியில் மணி அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னால், பிள்ளை வாயில் வைத்துவிட்டுத் திரும்ப மூடி வைக்கும்.

இடைவேளையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூய்மைப் பள்ளித் திட்டத்தின் கையேட்டுப்படி 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்ப் பிறையும் வேண்டும். ஒரு பெண் பிள்ளை உள்ளே போய், உடையை அவிழ்த்து, கழுவி, மறுபடி சரிசெய்துகொண்டு வெளியே வர இரண்டு நிமிடமாவது ஆகும். இடைவேளை பத்து நிமிடம். ஓர் இடத்தில் ஐந்து பேர் போகலாம், நான்கு இடத்தில் 20 பேர். கையேட்டில் சொன்னது முழுசாக இருந்து, எல்லாவற்றிலும் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருந்தாலே 40-ல் பாதிப் பேர்தான் போக முடியும். நான்கில் இரண்டு பூட்டிக் கிடந்தால் பத்துப் பேர். மற்றவர்கள் வரிசையிலேயே நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மேல்வகுப்பு அக்காமார் வந்தால் சின்னப் பிள்ளைகள் ஒதுங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சரிசெய்ய கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விடாமல், கால் மணி நேர வித்தியாசத்தில் இரண்டு மூன்று பிரிவாக விடலாம். வகுப்பு நடக்கும்போது பிள்ளை எழுந்து கேட்டால், காரணம் கேட்காமல் அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை விடலாம். சில பிள்ளைகள் வகுப்பைத் தட்டிக்கழிக்க அதைச் சாக்காக வைத்துக்கொள்வார்கள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், வைத்துக்கொள்வார்கள். நான்கு பேர் வராந்தாவில் சுற்றுவதைத் தடுக்க, நாற்பது பேரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வது நியாயமில்லை. தாழ்ப்பாளும் மக்கும் வாங்க எவ்வளவு ஆகும்? ஆண்டு விழாவுக்குப் போடும் பந்தலில் ஒரு மூலைக்கு ஆகும் செலவு.

பெரிய செலவு ஒன்று உண்டு, அதைத்தான் பள்ளிகள் செய்யத் தயங்குகின்றன. அது துப்புரவு ஆள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் போகும் இடத்தைக் காலையில் ஒருமுறை கழுவிவிட்டால் பதினொரு மணிக்கு நாறிவிடும். நாளுக்கு மூன்று முறையாவது கழுவ வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வாழ்க்கை நடத்தும் அளவுக்குச் சம்பளம் வேண்டும், கையுறையும் பூட்ஸும் வேண்டும். தொகுப்பூதியத்தில் ஓர் அம்மாளைப் போட்டு, அந்த அம்மாளே மைதானம் பெருக்கி, வகுப்பறை துடைத்து, கழிப்பறையும் கழுவ வேண்டும் என்றால் அது நடக்காது. ஆள் இல்லாத இடத்தில் வேலை யார் தலையில் விழும் என்பதும் நமக்குத் தெரியும். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சமூகப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அதை உரிய சம்பளத்தில் உரிய ஆள் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பிலேயே பெரியவளாகிவிடும் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒன்பது மணி நேரம் ஒன்றையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் புண்ணும் தொற்றும் வரத்தான் செய்யும். தமிழ்நாடு 2011-லேயே ‘புதுயுகம்’ திட்டத்தை அறிவித்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுத்த மாநிலம். கையில் நாப்கின் இருக்கிறது, மாற்ற ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை இல்லை, பழையதைப் போட ஒரு மூடி போட்ட கூடை இல்லை. அந்த நாட்களில் பிள்ளை வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுகிறாள். நாமும் நம்பி லீவ் லெட்டர் எழுதிக் கொடுக்கிறோம்.

ஆண் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். திறந்த சுவர் முன் வரிசையாக நிற்கக் கூச்சப்படும் பையன்கள் நிறைய உண்டு. என் மகனும் அதில் ஒருவன். மலம் கழிப்பது என்று வந்தால் அவர்களும் அடக்கிக்கொண்டுதான் வருகிறார்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. முதலில் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை ஊசி முனையாலோ ஸ்பூன் காம்பாலோ நெம்பி எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். உறிஞ்சும் குழல் வைத்த பாட்டில் என்றால் குழலின் உட்பக்கம் வழவழவென்று இருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு வாடை வரும், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, குடிக்காமல் விட்டுவிடும். வாய் அகலமான, கை விட்டுத் தேய்க்க முடிகிற எவர்சில்வர் பாட்டில் நல்லது. வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவி, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து வைத்தால் போதும்.

அடுத்தது காலை நேரம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் அசைந்து வெளிக்கு வரும், அது உடலின் இயல்பு. நாமோ கடைசி இட்லியை வாயில் திணித்த கையோடு ஷூ மாட்டி வேனில் ஏற்றிவிடுகிறோம். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் முன்னதாகச் சாப்பாடு, அதற்குப் பிறகு அவசரமில்லாமல் உட்காரப் பத்து நிமிடம். இதற்குப் பிள்ளை கால் மணி நேரம் முன்னதாக எழ வேண்டும், அதற்கு இரவு கால் மணி நேரம் முன்னதாகத் தூங்க வேண்டும். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் அந்தப் பத்து நிமிடம் பிள்ளைக்கு உரியது என்று அப்பாவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அவர் ஆறு மணிக்கே குளித்து முடித்துவிடுகிறார். பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது நின்றிருக்கிறது.

கேட்கும் விதமும் மாற வேண்டும். “தண்ணி குடிச்சியா?” என்றால் ஆமாம் என்று பொய் வரும். “இன்னிக்கு ஸ்கூல்ல பாத்ரூம் போனியா? தண்ணி வந்துச்சா? கதவு பூட்ட முடிஞ்சுதா?” என்று கேட்டுப் பாருங்கள். அப்பாக்களும் மகளிடம் இதைக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

மகளின் பள்ளியில் நாங்கள் சில அம்மாமார் சேர்ந்து பெற்றோர் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுத்தோம். தனியாக ஒருத்தி கேட்டால் அவளுடைய பிள்ளையைக் குறிவைத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்ததால், சேர்ந்தே கையெழுத்துப் போட்டோம். தாழ்ப்பாள்கள் போட்டுவிட்டார்கள். எல்லா அறைகளிலும் மக் வந்துவிட்டது. இடைவேளையைப் பிரித்து விடுவதைப் பற்றி யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னும் நடக்கவில்லை. மறுபடி கேட்போம்.

அரசுப் பள்ளிப் பெற்றோர்களுக்கு இதைவிடப் பலமான வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறையைத் தீர்மானமாகப் போடச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கே இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டதும் திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகள் போகும் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் போகும் கழிப்பறையைக் காட்டினால், பிள்ளைகளுடையதையே கேளுங்கள். உள்ளே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், கதவைத் தாழ் போட்டுப் பாருங்கள். சரியில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், நான்கு பேர் கையெழுத்தோடு.